ஆடாத மேஜை

இளவழகன் செய்த மரச்சாமான் எந்தெந்த வீட்டில் இருக்கிறது என்று யாரையும் விசாரிக்க வேண்டியதில்லை. குனிந்து காலைப் பார்த்தால் தெரிந்துவிடும். நாலு காலில் ஏதோ ஒன்றுக்கு அடியில் மடித்த அட்டை இருக்கும். மச்சினன் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கல்யாணப் பத்திரிகை, மாமா வீட்டு ஸ்டூலுக்கு மாத்திரை அட்டை. ஊர் நூலகத்துக்கு ஆசையாக ஒரு பெஞ்சு செய்து கொடுத்தான். அதன் காலுக்கு நூலகத்துப் புத்தகம் ஒன்றையே வைத்துவிட்டார்கள். அந்தப் புத்தகத்தை இன்றுவரை யாரும் படிக்கக் கேட்டதில்லை என்பதால் பெஞ்சு நிலையாக நிற்கிறது.

இத்தனைக்கும் ஆள் அபுதாபியில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன். எவ்வளவோ உயரமான கட்டடங்களில் லிஃப்டைத் தரையோடு தரையாக, இம்மி பிசகாமல் நிறுத்தியவன். ஊர் திரும்பி, வலங்கைமானுக்குப் பக்கத்தில் அப்பா விட்டுப்போன நிலத்தைப் பார்த்துக்கொண்டு, நடவுக்கும் அறுப்புக்கும் நடுவில் கிடைக்கிற நேரத்தில் மரவேலையில் இறங்கினான். உர மூட்டை அடுக்குகிற கொட்டகையைக் காலி செய்து அதற்கு ஒர்க் ஷாப் என்று பெயர் வைத்தான். அவன் மனைவி பிரகதீஸ்வரி அதை விறகுக் கொட்டகை என்றுதான் சொல்வாள். கோபத்தில் சொல்வதில்லை. அங்கே உருவானதில் பாதி வெந்நீர் அடுப்புக்குத்தான் போயிற்று.

ஊரே கிண்டல் செய்தாலும் அவனுக்கு உறைக்காது. அக்கா செய்தால் உறைக்கும். செம்மொழி அவனுக்கு ஒரே அக்கா. தஞ்சாவூரில் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. அவளுக்கு அவன் முதலில் செய்து கொடுத்தது ஒரு ஸ்டூல். அதைச் சமையலறையில் போட்டு, வருகிறவர் போகிறவரையெல்லாம் உட்காரச் சொல்லி, "என் தம்பி செஞ்சது. உக்காந்தா போதும், தாலாட்டும்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். பஸ் ஏறி ஊர் வந்து சேர்கிற வரை அந்தச் சிரிப்பு அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே வரும். உலகத்தில் யார் நல்லா இருக்கு என்று சொன்னாலும் அவனுக்குப் போதாது, அக்கா ஒரு தடவை சொல்ல வேண்டும். அதுவும் அட்டை வைக்காமல் சொல்ல வேண்டும்.

அக்கா வீட்டுக்குப் போனால் அவள் சமைத்ததை எல்லாம் சாப்பிடுவான், விரால் மீன் குழம்பைத் தவிர. கேட்டால் ஒத்துக்காது என்பான். என்ன செய்யும், சொறியா வயிற்றுவலியா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான்.

அந்த வருஷம் அக்காவும் அத்தான் பரிதியும் தஞ்சாவூரில் வீடு கட்டி முடித்தார்கள். ஆவணியில் புதுமனை புகுவிழா. தம்பி சீர் கொண்டுபோக வேண்டும். தட்டு, பழம், வேட்டி, சேலை எல்லாம் எல்லாத் தம்பிகளும் கொண்டுபோவதுதான். இளவழகன் போன் போட்டான்.

"அக்கா, சாப்பாட்டு மேஜை நான் செஞ்சு எடுத்துட்டு வர்றேன்."

"வேண்டாம்டா. கடையில பாத்து வச்சிருக்கேன்."

"நம்ம வயக்காட்டு மரம்க்கா. கஜா புயல்ல விழுந்துச்சுல்ல, அந்த வாகை. அறுத்துப் போட்டு இத்தனை வருஷமா காய்ஞ்சு கிடக்கு."

"எந்த வாகை? வாய்க்கா மேட்டு வாகையா?"

"ஆமாக்கா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"சரி, செய்" என்றாள் அக்கா. "ஆனா ஒன்னு. ஆடுச்சுன்னா தம்பி சீருன்னுகூடப் பாக்க மாட்டேன். வந்த வண்டியிலேயே ஏத்தி அனுப்பிருவேன். அத்தனை பேருக்கும் முன்னாடி."

செய்வாள். பள்ளிக்கூடத்தையே கையில் வைத்து ஆட்டுகிறவள், ஒரு மேஜை ஆடுவதைப் பொறுத்துக்கொள்வாளா?

ஆட்டத்துக்குக் காரணம் அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனிடம் இருந்தது கையில் பிடித்து மரம் இழைக்கிற சின்ன பிளேனர். இந்தக் கோடியில் வைத்து அந்தக் கோடிக்குத் தள்ளினால் நடுவில் ஒழுங்காகப் போகும், கடைசியில் லபக்கென்று ஒரு வாய் கடித்துவிடும். கடித்த இடத்தைச் சரிசெய்ய மறுபக்கம் இழைக்க வேண்டும், மறுபக்கத்தைச் சரிசெய்ய இந்தப் பக்கம். கட்டில் பலகையாக ஆரம்பித்தது முறுக்குப் பலகையாகி முடியும். பலகையை உள்ளே விட்டால் முழுக்க ஒரே கனத்தில் இழைத்துத் தள்ளுகிற பெரிய மெஷின் ஒன்று இருந்துவிட்டால் தன்னை வெல்ல ஆளில்லை என்று அவன் மனப்பூர்வமாக நம்பினான். கைவேலை சரியில்லாத மனுஷர்கள் எல்லாரும் அப்படித்தான் நம்புகிறார்கள், பாவம்.

செல்போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்தான். ஏதோ ஒரு குளிர் தேசத்து வெள்ளைக்காரர் கண்ணாடி போல் துடைத்த கொட்டகையில் நிற்பார். கரடுமுரடான பலகையை மெஷினுக்குள் விடுவார். அந்தப் பக்கம் பட்டுத்துணி மாதிரி வரும். இளவழகனுக்கு வாயில் எச்சில் ஊறும். ரெண்டு கத்தியா, மூணு கத்தியா, சுருள் தலையா என்று ராத்திரி பகலாக ஆராய்ந்து, மெஷின்களின் பெயரைச் சொந்தக்காரர்கள் பெயர் மாதிரி சொல்ல ஆரம்பித்தான். குறுவைக்குக் களை பறிக்க வந்த பெண்களிடம் வரப்பில் நின்று, கத்தி சுழல்கிற கட்டர் ஹெட்டின் பெருமையைப் பேசினான். அவர்கள் கூலி ஏற்றித் தருவதைப் பற்றித்தான் ஏதோ சுற்றி வளைத்துச் சொல்கிறான் என்று நினைத்து, சரிங்க, சரிங்க என்று தலையாட்டினார்கள்.

"அந்த மெஷினை வாங்கித் தொலைங்க" என்றாள் பிரகதீஸ்வரி ஒருநாள். "ஆனா நானும் கடைக்கு வருவேன்."

இது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று அவனுக்குப் புரியவில்லை.

தஞ்சாவூரில் மர மெஷின் கடை வைத்திருந்த உபைதுல்லா பொறுமைசாலி. இளவழகன் ஏற்கெனவே பலமுறை வந்து மெஷின்களைத் தடவிப் பார்த்துவிட்டு விலைச்சீட்டு வாங்கிக்கொண்டு போனவன் என்பதால், மனைவியோடு வந்ததைப் பார்த்ததும் அவருக்கு நம்பிக்கை பிறந்தது. டீ சொல்லிவிட்டு வரிசையாகக் காட்டினார். முதலில் இருந்தது கோயில் யானை கணக்காக ஒரு வார்ப்பிரும்பு மெஷின்.

"இதுக்கு த்ரீ பேஸ் கரண்டு வேணும்ங்க."

"நம்ம பம்புசெட்டுல த்ரீ பேஸ் இருக்கு பாய்" என்றான் இளவழகன், கண் விரிய.

"வயலுக்குக் குடுத்த கரண்டுல மேஜை இழைச்சா, ஈபிக்காரங்க வந்து உங்களை இழைச்சிருவாங்க" என்றாள் பிரகதீஸ்வரி. யானை அத்தோடு கழிந்தது.

அடுத்து இரண்டு, மேஜைமேல் வைக்கிற அளவு. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒன்றில் நீளமான இரண்டு கத்திகள். மற்றதில் உருளை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரப் பிளேடுகள், சுருள் சுருளாக வரிசை கட்டி நின்றன. விலை மட்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இல்லை.

"மரம் என்ன மரம்ங்க?" என்று கேட்டார் உபைதுல்லா.

"வாகை."

"ரோட்டோர மரமா? ரோட்டோரம்னா உள்ள ஆணி கிடக்கும். கட்சி போர்டு, டியூஷன் போர்டு, கண்டதும் அடிச்சு வச்சிருப்பாங்க."

"நம்ம வயக்காட்டு மரம் பாய். போர்டு அடிச்சாலும் அங்க படிக்கிறதுக்குக் கொக்குதான் இருக்கு."

பிரகதீஸ்வரி அதுவரை மெஷினைப் பார்க்கவில்லை. புருஷனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது கேட்டாள்: "பாய், எதுலயாவது இடிச்சுக் கத்தி உடைஞ்சா என்ன ஆகும்?"

"ரெண்டு கத்தி மெஷின்னா ரெண்டு கத்தியும் போச்சும்மா. கழட்டிச் சாணை வைக்கணும், இல்லேன்னா புதுசு. இந்தச் சுருள் மெஷின்னா அடிபட்ட சின்னப் பிளேடை மட்டும் கழட்டித் திருப்பி மாட்டிக்கலாம். ஒவ்வொன்னுக்கும் நாலு முனை இருக்கு."

"அதையே குடுங்க."

இளவழகனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "ஈஸ்வரி, விலை..."

"உங்களுக்கு உடையும்" என்றாள் அவள், அன்பாகவே. "உடையாத ஆளுக்கு அது போதும். நமக்கு இதுதான்."

பில் போடும்போது உபைதுல்லா ஒரு வார்த்தை சொன்னார். "பலகையை இது ஒரே கனமாக் குடுத்துரும். ஆனா கால் உயரம் நீங்கதான் பாத்து அறுக்கணும், அது மெஷின் கையில இல்ல." நல்ல வார்த்தை. காது இருந்தவன் கேட்டிருப்பான். இளவழகன் அப்போது மெஷினின் கைப்பிடிச் சக்கரத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுற்றிக்கொண்டு, வேறு உலகத்தில் இருந்தான்.

ஆடி பிறந்ததும் வேலை தொடங்கியது. முதல் பலகை உள்ளே கறுப்பாக, தூசியாக, கிழவன் முதுகு மாதிரி போயிற்று. வெளியே வந்தபோது பொன்னிறத்தில், நடுநடுவே தேன் வழிந்தது போன்ற கோடுகளோடு வந்தது. இளவழகன் மெஷினை நிறுத்திவிட்டுப் பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். அந்தச் சமயத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தான். பிரகதீஸ்வரி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு தொல்லை. அக்கம்பக்கத்து போர்வெல் மோட்டார்கள் எல்லாம் ஓட ஆரம்பித்தால் வோல்டேஜ் படுத்துவிடும். மெஷின் முக்கும், முனகும், பலகை நடுவழியில் நிற்கும். அதனால் ஊருக்கே தண்ணீர் பாய்கிற நேரத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மோட்டார்கள் ஓய்ந்ததும் ஓடுவான். கொட்டகையில் முழங்கால் அளவுக்கு மரச்சீவல் குவிந்தது. பக்கத்து வீட்டு வீரையன் சித்தப்பா மாட்டுக்குப் படுக்கை போட அதைச் சாக்கு சாக்காக அள்ளிப்போனார்.

மேஜையின் நடுப்பலகைக்கு என்று இருந்ததிலேயே அகலமான பலகையை எடுத்து வைத்திருந்தான். அதை விட்டான். இரண்டு தடவை சுகமாகப் போனது. மூன்றாவது தடவை டங்கென்று ஒரு சத்தம். கோயில் மணியை யாரோ கடப்பாரையால் அடித்த மாதிரி இருந்தது. பிரகதீஸ்வரி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள்.

மூடியைக் கழற்றிப் பார்த்தார்கள். மூன்று சின்னப் பிளேடுகளில் மூளி. மற்றவை பத்திரம். அவள் அவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ரெண்டு கத்தி மெஷினா இருந்திருந்தா?" என்றாள்.

"போயிருக்கும்."

"யாரு சொன்னது?"

"நீ."

"ம். திருப்பி மாட்டுங்க."

அவள் அந்தத் திருப்தியோடு அடுப்படிக்குத் திரும்பியிருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும். போகவில்லை. பலகையின் நடுவில் விரல் நீளத்துக்குப் பளபளவென்று ஒரு இரும்புக் கோடு. பலகைக்குள் ஒரு ஆணி படுத்துக்கிடந்தது. மரம் அதை எப்போதோ விழுங்கி, மேலே பட்டை மூடி வளர்ந்திருக்கிறது. அறுவை வாளுக்குத் தப்பியது பிளேனரிடம் மாட்டியது. உளியால் நெம்பி எடுத்தான். பழங்காலத்துச் சதுர ஆணி. தலைக்குக் கீழே ஏதோ கறுப்பாகச் சுற்றியிருந்தது. நூல் என்று நினைத்து இழுத்தாள் பிரகதீஸ்வரி. இழுத்ததைப் பார்த்துவிட்டு உதறிப் போட்டாள்.

முடி. நீளமான பெண் முடி.

சாக்கோடு வந்த வீரையன் வாசலிலேயே நின்றுவிட்டார். ஆணியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"இது வாய்க்கா மேட்டு வாகையாப்பா?" என்றார். "அடப்பாவி. இது உங்க அக்காவோட ஆணியில்ல?"

"அக்காவோடது புளியமரத்துலதானே சித்தப்பா அடிச்சாங்க."

"புளியமரத்துல எங்க இடம் இருந்துச்சு? ஏற்கெனவே ஊர்ப்பட்ட ஆணி. அடுத்த பேயும் அதே மரத்துக்குப் போனா சண்டை வரும்னு பூசாரிதான் வாகையில அடிக்கச் சொன்னாரு. சுத்தி பிடிச்சவன் நான். எனக்குத் தெரியாதா? உன்னையத்தான் சின்னப்புள்ளன்னு வீட்டுக்குத் தொரத்திட்டோமே."

சாக்கை அங்கேயே போட்டுவிட்டு, "அதுவும் ஆடி மாசத்துல எடுத்திருக்கானே" என்று சொல்லிக்கொண்டே வீரையன் போய்விட்டார். மாடு அன்றைக்கு வெறுந்தரையில் படுத்தது.

இளவழகன் மரச்சீவல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அவன் நாலாவது படிக்கும்போது நடந்தது. அக்காவைப் பெண் பார்க்க ரைஸ்மில் வைத்திருந்த ஒருவர் வந்திருந்தார். காபித் தட்டோடு வந்த அக்கா, தட்டை வைத்துவிட்டு, மாப்பிள்ளைக்கு எதிரே காலை அகட்டி உட்கார்ந்து, கரகரத்த ஆண் குரலில், "டேய், பீடி இருக்கா?" என்று கேட்டாள். பிறகு தன்னை லாரி டிரைவர் என்றும், மன்னார்குடி ரோட்டில் வண்டி கவிழ்ந்து செத்ததாகவும், பன்னீர் சோடா குடித்தால்தான் தாகம் அடங்கும் என்றும் சொன்னாள். வந்தவர்கள் செருப்பைக்கூட மாட்டாமல் போனார்கள். அதற்கப்புறம் பல நாள் வீட்டில் அந்த டிரைவர்தான் இருந்தான், அக்கா இல்லை. கடைசியில் பூசாரி வந்து, உச்சிமுடியைப் பிடித்து ஆணியில் சுற்றி, மரத்தில் அடித்து, முடியை அறுத்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டுக்குத் துரத்தப்பட்ட தம்பி, நேராக ஐயனார் கோயிலுக்கு ஓடினான். அக்காவை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு, நான் விரால் மீனைத் தொடவே மாட்டேன் என்று சொன்னான். அவனுக்கு உலகத்திலேயே பிடித்தது அதுதான். அதைவிடப் பெரிதாகக் கொடுக்க அவனிடம் ஒன்றும் இருக்கவில்லை. அக்கா சரியாகிவிட்டாள். அவன் தொடவில்லை. அபுதாபியில் எந்த ஐயனார் பார்க்கப் போகிறார்? அங்கேயும் தொடவில்லை. வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று பெண்டாட்டியிடம்கூடச் சொன்னதில்லை. இன்றைக்குத்தான் சொன்னான்.

"ஆணி வெளிய வந்துருச்சு ஈஸ்வரி. அக்காவுக்கு மறுபடி ஏதாவது ஆயிட்டா?"

பிரகதீஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் கண்ணைப் பார்த்ததும் சிரிக்க மனசு வரவில்லை. "ஒன்னும் ஆகாது. போன் போட்டுப் பேசுங்க" என்றாள்.

போட்டான். அக்கா எடுத்ததுமே யாரையோ கத்திக்கொண்டிருந்தாள். டைல்ஸ் ஒட்டுகிறவர்களைத்தானாம். குரல் வேறு கரகரவென்று இருந்தது. நாலு நாளாகக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டதாம்.

"டேய், நல்ல வேளை கூப்பிட்ட. விசேஷத்துக்கு வர்றப்ப பன்னீர் சோடா ரெண்டு கிரேட் ஏத்திட்டு வா. எனக்கே குடிக்கணும்போல இருக்கு."

இளவழகன் கையிலிருந்து போன் சீவலில் விழுந்தது.

ஆணியைத் திரும்ப மரத்தில் அடித்துவிட்டால் சரியாகும் என்று வீரையன் சொல்லியனுப்பினார். சுத்தியலை எடுத்துக்கொண்டு ஊர்ப் புளியமரத்துக்குப் போனான். அங்கே மரம் எங்கே இருக்கிறது? ரோட்டை அகலப்படுத்தியபோதே வெட்டியாயிற்று. அதில் குடியிருந்தவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பி வந்து, எவர்சில்வர் டப்பா ஒன்றில் மஞ்சள்தூள் நிரப்பி ஆணியை அதற்குள் புதைத்து வைத்தான்.

வேறு அகலப் பலகை கிடையாது. ஆணி கிடந்த பள்ளத்துக்கு விரல் நீளத்தில் வேப்பமரத் துண்டு வைத்து ஒட்டினான். வேப்பமரம் என்பது பிரகதீஸ்வரியின் யோசனை. மாரியம்மன் பார்த்துக்கொள்வாள் என்றாள். அதற்கப்புறம் ஒவ்வொரு பலகையையும் மெஷினில் விடும்போது ஐயனாரே, ஐயனாரே என்று முணுமுணுத்தான். பயத்தில் செய்ததாலோ என்னவோ, அவன் வாழ்க்கையிலேயே ஒழுங்காகச் செய்த வேலை அதுதான். பலகைகள் ஒட்டிய இடம் விரலுக்குத் தட்டுப்படவில்லை. கால் அறுக்கும்போது மட்டும் கவனம் கொஞ்சம் சிதறியது. அக்காவின் குரலை நினைத்துக்கொண்டிருந்தான்.

விசேஷத்தன்று மேளம் முன்னே போக, தட்டுகள் நடுவே போக, மேஜை நாலு பேர் தோளில் பின்னால் போனது. கூடத்தில் இறக்கி வைத்தார்கள். இளவழகன் மேஜையைப் பார்க்கவில்லை, அக்காவைத்தான் பார்த்தான். பட்டுச்சேலையும் மல்லிகையுமாக, வேர்த்து விறுவிறுத்து, ஒரு பாட்டில் சோடாவை ஒரே மூச்சில் குடித்துக்கொண்டிருந்தாள். ஐயனாரே என்று முணுமுணுத்தான்.

"மத்த சோடாவை இறக்குடா, வெயில்ல நிக்குது" என்றாள்.

இறக்கிவிட்டு ஓடி வந்தான். அக்கா மேஜையின் ஒரு மூலையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். சுற்றிலும் சொந்தக்காரர்கள், எல்லாரும் அட்டை வைத்தவர்கள். அவள் அழுத்தினாள். மேஜை அசையவில்லை. எதிர் மூலைக்குப் போய் அழுத்தினாள். அசையவில்லை.

"ஆடலடா" என்றாள். "நல்லா இருக்கு."

எத்தனை வருஷமாகக் காத்திருந்த வார்த்தை. அவன் கொண்டாடியிருக்க வேண்டும். அதற்குள் அக்காவின் விரல் நடுப்பலகையில் போய் நின்றது. அந்த வேப்பந்துண்டின் மேல்.

"இது என்ன ஒட்டு?"

"அது... கணுக்கா."

"கணுவா?" என்று அவனையே பார்த்தாள். பிறகு அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். பிரகதீஸ்வரி பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள். கைப்பையிலிருந்து எவர்சில்வர் டப்பாவை எடுத்து நாத்தனார் கையில் கொடுத்தாள். "இவரு தூங்கியே பல நாள் ஆச்சு அண்ணி. நீங்களே கேளுங்க."

அக்கா டப்பாவைத் திறந்தாள். மஞ்சளைத் தட்டிவிட்டு ஆணியை எடுத்தாள். அதில் சுற்றியிருந்த முடியை ஒரு விரலால் தொட்டாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து, மூச்சு முட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டாள். இளவழகன், "அக்கா, அக்கா" என்று அலறாத குறை.

"வாகைன்னு நீ சொன்னப்பவே நெனச்சேன், இது வரும்னு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டேய், பேயும் இல்ல, பிசாசும் இல்ல. நான்தான்டா."

"என்னது?"

"எனக்குப் பிளஸ் டூ பரீட்சை இருந்துச்சு. அந்த ரைஸ்மில்லுக்கு என்னைவிட ரெட்டை வயசு. வேண்டாம்னு அப்பாகிட்ட அழுதேன், அம்மாகிட்ட அழுதேன். நான் சொன்னதை யாரும் கேக்கல. பேய் சொன்னதும் வீடே கேட்டுச்சு."

"ஆணி அடிக்கிறப்பவாவது சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொன்னா நடிப்புன்னு ஆயிருமே. அடுத்த முகூர்த்தத்துல கட்டி வச்சிருப்பாங்க." ஆணியைத் திரும்ப மஞ்சளில் வைத்தாள். "முடியைப் பிடிச்சு இழுத்தப்ப வலிச்சது மட்டும் நிஜம்டா. அதை நடிக்கல."

வெளியே மேளம் ஒலித்தது. அந்தச் சின்னப் பெண்ணை நினைத்துக்கொண்டே இளவழகன் டப்பாவை வாங்கி மூடினான். அப்புறம் மெல்ல மெல்ல அவனுக்கு வேறொன்று உறைத்தது. முகம் சிவந்தது.

"அப்ப நான் இத்தனை வருஷமா விரால் மீன் திங்காம இருந்தது எதுக்குக்கா?"

"உனக்குத்தான் அது ஒத்துக்காதே."

"யாரு சொன்னா ஒத்துக்காதுன்னு? நான் ஐயனாருக்கு வேண்டிக்கிட்டேன். உனக்குச் சரியாகணும்னு. அபுதாபியில கூட இருந்தவன் ஊர்லேர்ந்து கொண்டுவந்து கொழம்பு வச்சான்க்கா. ரூமே மணந்துச்சு. நான் வெளிய போய் நின்னேன்."

அக்காவுக்கு இப்போது சிரிப்பு வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு, "லூசு, லூசு" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். பிரகதீஸ்வரியும் அழுதாள். அவள் அழுததற்குக் காரணம், ஆணி வெளியே வருகிற வரை இவன் தன்னிடம்கூட இதைச் சொல்லாமல் மறைத்ததுதான் என்று பிறகு பலமுறை சொல்லிக் காட்டினாள்.

அன்றைக்கு வீட்டில் சைவச் சாப்பாடு. மறுநாளும் அவர்களை அக்கா ஊருக்கு விடவில்லை. காலையில் தானே மார்க்கெட்டுக்குப் போய், துள்ளுகிற விராலாகப் பொறுக்கி எடுத்து வந்தாள். புது அடுப்பில் முதல் அசைவம். பூண்டும் புளியும் மணக்க மணக்கக் குழம்பைச் சட்டியோடு கொண்டுவந்து வாகை மேஜையின் நடுவில், அந்த வேப்பந்துண்டுக்கு மேலேயே வைத்தாள். வேண்டுதலை முடித்துவைக்கிற உரிமை யாருக்காக வேண்டினானோ அவர்களுக்கு உண்டு என்று அவளே ஒரு சட்டம் போட்டு, நடுத்துண்டாகப் பார்த்துத் தம்பி இலையில் போட்டாள்.

இளவழகன் ஒரு வாய் வைத்தான். மென்றான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"என்னடா?"

"நான் நெனச்ச அளவுக்கு இல்லக்கா" என்றான், கண்ணில் தண்ணீர் வழிய. "இன்னொன்னு போடு."

மூன்றாவது துண்டுக்குக் கையை நீட்டும்போது கர்ச்சீப் கீழே விழுந்தது. எடுக்கக் குனிந்தான். குனிந்தவன் அப்படியே இருந்தான்.

மேஜையின் ஒரு காலுக்கு அடியில் புதுமனை புகுவிழாப் பத்திரிகை ஒன்று, நாலாக மடித்து, வெளியே தெரியாதபடி பதவிசாகச் செருகியிருந்தது. அவன் சோடா இறக்கப் போன அந்த நேரத்தில் செருகியிருக்க வேண்டும். அத்தனை பேரும் மேஜையைச் சுற்றி வந்து நிற்பதற்கு முன்னால்.

நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"டைல்ஸ் போட்டவன் சரியில்லடா" என்றாள். "தரையைக் கோணலாப் போட்டுட்டான்."

அந்த முகத்தைப் பார்த்தால் யாரும் நம்புவார்கள். ரைஸ்மில்காரர் நம்பினார், அப்பா நம்பினார், பூசாரியே நம்பினார்.

"ஆமாக்கா" என்றான் இளவழகன். "தரைதான்." இலையை அவள் பக்கம் நகர்த்தினான்.